அண்ணா அவுட்டோ, சேஃபோ?

போன மாதம் நடந்த கலியாணத்தில், மத்தியானச் சாப்பாட்டு மேசையில் நீங்கள் எல்லோரும் மறுபடியும் அந்தக் கதையைத் தொடங்கினீர்கள். ரொறன்ரோவின் டோர்செட் பார்க்கில் அந்தப் பதினாறு மாடிக் கட்டடத்தில் என்னோடு வளர்ந்தவர்களைத்தான் சொல்கிறேன். தலை நரைத்து, முழங்கால் தேய்ந்து, பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புகிற வயது வந்த பிறகும் உங்களுக்கு அந்த ஒரு கேள்வி தீரவில்லை. என் அண்ணா அன்றைக்கு அவுட்டா, சேஃபா? உங்களில் ஒருவர் வெள்ளைக் கைதுடைக்கும் துணியை மைதானத்துத் தட்டாக மடித்துவைத்து, கத்தரிக்காய்க் குழம்புக் கிண்ணத்தை அண்ணாவாக்கி, மேசைவிரிப்பில் இழுத்தே காட்டினார். குழம்பு சிந்தியதுதான் மிச்சம். முன்பு ஒருமித்த குரலில் சேஃப் என்றவர்களில் இரண்டு பேர் இப்போது கட்சி மாறிவிட்டதையும் கவனித்தேன்.

நான் வழக்கம்போலப் பேசாமல் பாயாசத்தைக் குடித்துக்கொண்டிருந்தேன். நீங்களும் வழக்கம்போல என்னைக் கேட்கவில்லை. அன்றைக்கு எனக்குப் பதினொரு வயது. பதினொரு வயதுக்காரியின் சாட்சியை யார் பொருட்படுத்துவார்கள்? ஆனால் அந்த விஷயத்தில் உங்கள் எல்லோரையும் விடக் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தவள் நான். இவ்வளவு காலமும் வாயைத் திறக்காததற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் இப்போது இல்லை. அதனால் எழுதுகிறேன்.

அந்த வருடங்களில் ரொறன்ரோ நகரமே பேஸ்போல் பைத்தியம் பிடித்துத் திரிந்தது உங்களுக்கு ஞாபகமிருக்கும். பஸ்சில் வயதுபோன மனிசிமார்கூட நீலத் தொப்பியோடு இருந்தார்கள். எங்கள் கட்டடத்துக்கு அந்தப் பைத்தியம் அண்ணா வழியாக வந்தது.

அண்ணாவுக்கு அப்போது இருபது வயது. பதினாலு வயதில் யாழ்ப்பாணத்தில் விட்டுவந்த கிரிக்கெட்டை இங்கே பள்ளிக்கூடத்தில் தேடியிருக்கிறார், கிடைக்கவில்லை. ஒருநாள் மைதானத்தின் கடைசி வேலிப் பக்கம் நின்று அவர் எறிந்த பந்து நேரே உடற்பயிற்சி ஆசிரியரின் கைக்கே வந்து சேர்ந்ததாம். அவர் அன்றைக்கே ஒரு பழைய தோல் கையுறையை அண்ணாவிடம் கொடுத்து, நாளைக்கு வா என்றிருக்கிறார். பிறகு கல்லூரிக்குப் போனபோது அங்கேயும் அணியில் எடுத்துக்கொண்டார்கள். கல்லூரி ஆட்டங்கள் இலையுதிர்காலத்தில் நடக்கும். செப்ரெம்பரில் தொடங்கி, ஒக்ரோபர் முடியுமுன் இறுதியாட்டம்.

பேஸ்போல் தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம். அடித்துவிட்டு ஓடுகிறவன் மூன்று மூலைகளைச் சுற்றி, புறப்பட்ட இடத்தில் இருக்கிற வெள்ளை ரப்பர்த் தட்டைத் தொட்டால் சேஃப், ஒரு ரன். அதற்குமுன் பந்து வைத்திருக்கிறவன் அவனைத் தொட்டுவிட்டால் அவுட். இந்தக் கதைக்கு இவ்வளவு போதும். எங்கள் கட்டடத்துச் சனத்துக்கு அந்த அளவுகூடத் தெரியாது.

துப்புரவு வேலைக்கு ஆட்களை ஏற்றி இறக்குகிற வான் ஒன்று நாலாம் மாடியில் இருந்த அண்ணை ஒருவரிடம் இருந்தது. வான் அண்ணை என்றுதான் எல்லோரும் சொல்வோம். அந்த வானுக்குள் எப்போதும் நிலம் கழுவுகிற மருந்தின் எலுமிச்சை மணம். சனிக்கிழமைகளில் அதில் பன்னிரண்டு பேர் நெருக்கியடித்துக்கொண்டு அண்ணாவின் ஆட்டத்துக்குப் போவோம். அங்கே வெள்ளைக்காரத் தாய்தகப்பன்மார் மடக்குக் கதிரைகளில் கம்பளி போர்த்திக்கொண்டு அமைதியாக இருப்பார்கள். நாங்கள் கட்லட்டும் ரோல்சும் கட்டிக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போகிறவர்கள் மாதிரி இறங்குவோம். பந்து பின்பக்கமாகப் பறந்து வேலிக்கு வெளியே போனால் இவர்களுடைய விளையாட்டில் அது வீண் அடி. எங்கள் ஆட்கள் எழும்பி நின்று "சிக்ஸ்" என்று கத்துவார்கள். யாராவது பந்தைப் பிடித்தால் பன்னிரண்டு பேரும் ஒரே குரலில் அம்பயரைப் பார்த்து "ஹவ்ஸாட்" என்று முறையிடுவார்கள். முதல் தரம் அம்பயர் முகமூடியைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவருக்கும் பழகிவிட்டது.

இவர்கள் எல்லோருக்கும் தலைவர் மாதிரி இருந்தவர் எட்டாம் மாடி அங்கிள். ஊரில் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கராக இருந்தவர். எலிவேட்டர் நின்றாலும், குழாயில் சுடுதண்ணீர் வராவிட்டாலும், பஸ் ஐந்து நிமிடம் பிந்தினாலும் நல்ல இங்கிலீஷில் மேலிடத்துக்கு ஒரு பெட்டிசம், முறைப்பாட்டு மனு, எழுதி, வீடுவீடாகக் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுவார். பெட்டிசம் அங்கிள் என்ற பேர் அப்படி வந்தது. அவருக்குப் பின்னால் சொன்ன பேர் இல்லை, முன்னாலேயே சொல்வோம். அவருக்கும் அதில் பெருமைதான்.

அந்த வானில் ஒருநாளும் ஏறாதவர் எங்கள் அப்பா.

அப்பா ஊரில் கணக்கு வாத்தியார். அதைவிட முக்கியம், பள்ளிக்கூட கிரிக்கெட் ஆட்டங்களுக்கு அம்பயர். வெள்ளைக் கோட்டோடு அவர் மைதானத்துக்குள் இறங்கினால் இரண்டு பக்கத்துப் பெடியளும் வாய் திறக்க மாட்டார்கள் என்று அம்மா சொல்லுவா. இங்கே அவர் வாளி மூடி செய்கிற பிளாஸ்ரிக் ஃபக்ரரியில் வேலை செய்தார். சனிக்கிழமைகளிலும் வேலை. அதனால் அண்ணாவின் ஆட்டத்தை அவர் பார்த்ததே இல்லை. ஆனால் சனி பின்னேரம் குசினி மேசையில் எங்கள் வீட்டில் ஒரு சடங்கு நடக்கும். அண்ணா உப்புப் போத்தலையும் மிளகுப் போத்தலையும் ஊறுகாய்ப் போத்தலையும் மூலைகளில் வைத்து, அன்றைய ஆட்டம் முழுவதையும் சொல்லுவார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். எத்தனை அடித்தாய் என்று ஒருநாளும் கேட்க மாட்டார்.

"அம்பயர் அப்ப எங்க நிண்டவர்?" என்று கேட்பார்.

"பின்னால, இடப்பக்கமா."

"அப்ப அவருக்கு வடிவாத் தெரிஞ்சிருக்கும். சரி, மேல சொல்லு."

அவர்கள் இரண்டு பேருக்கும் இடையில் வேறு பேச்சு அதிகம் கிடையாது. அந்த அரை மணித்தியாலம்தான். ஒவ்வொரு முறையும் போத்தல்களைத் திரும்ப அடுக்கும்போது அண்ணா அதே வசனத்தைச் சொல்லுவார். "ஒருக்கா வந்து பாருங்கோவன் அப்பா." அப்பா கையைக் கழுவ எழும்பிவிடுவார். அண்ணாவின் முகம் அப்போது எப்படி இருக்கும் என்பதை மேசைக்கு எதிர்ப்பக்கம் இருந்த எனக்குத்தான் தெரியும். வெற்றியோ தோல்வியோ அவருக்குப் பெரிதில்லை. அப்பா ஒருமுறை பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த வருடம் அண்ணாவின் அணி இறுதியாட்டத்துக்கு வந்துவிட்டது. ஆட்டம் ஒஷாவாவில். வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது அப்பா தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "சனிக்கிழமைக்கு லீவு சொல்லிப்போட்டன்."  அண்ணா அன்றைக்கு மூன்று தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார்.

சனிக்கிழமை அப்பா கழுத்துப்பட்டி கட்டி, சாம்பல் நிறக் கோட்டும் போட்டுக்கொண்டு வந்தார். வான் அண்ணை கதவைத் திறந்துபிடித்து, "அம்பயருக்கு முன் சீற்" என்றார். பெட்டிசம் அங்கிள் தன்னுடைய வழக்கமான இடத்தை மனமில்லாமல் விட்டுக்கொடுத்துப் பின்னுக்குப் போனார். அப்பாவின் மடியில் தேத்தண்ணிப் பிளாஸ்க். அவருக்குப் பின்னால் நான், தேவாலயத்து மலிவு விற்பனையில் அம்மா எடுத்துத் தந்த ஊதா நிற ஜக்கெட்டோடு. அதன் சிப் பாதிவழியில் சிக்கும். அம்மா அதற்கு மெழுகுதிரி தேய்த்துவிட்டிருந்தா, அப்படியும் சிக்கும்.

ஆட்டத்தை முழுக்கச் சொல்லி உங்களை அலுப்பாக்க மாட்டேன். நீங்களே நூறு தரம் சொல்லிவிட்டீர்கள். ஏரிப் பக்கமிருந்து வந்த காற்று காதை அறுத்தது. அப்பா எங்கள் ஆட்களோடு சேர்ந்து கத்தவில்லை. அம்பயர் கை காட்டும் ஒவ்வொரு முறையும் மெல்லத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அண்ணா ஒவ்வொரு முறை மைதானத்துக்குள் வரும்போதும் எங்கள் பக்கம் ஒருதரம் பார்ப்பார். சாம்பல் கோட்டைக் கண்டதும் தொப்பியை இறக்கிவிட்டுக்கொள்வார்.

கடைசிப் பகுதி. எங்கள் அணி ஒரு ரன் பின்னால். இரண்டு பேர் அவுட். இன்னும் ஒருவர் போனால் ஆட்டம் முடிந்தது. அண்ணா இரண்டாவது மூலையில் நிற்கிறார். அவர் தட்டுக்கு வந்துசேர்ந்தால் சமநிலை. எல்லோரும் எழும்பிவிட்டார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உட்காரும் வாங்கில் ஏறி நின்றேன். அப்போதுதான் குளிர் தாங்காமல் சிப்பை இழுத்தேன். அது என் கழுத்துச் சால்வையையும் சேர்த்துக் கவ்விக்கொண்டு, தொண்டையோடு இறுகிவிட்டது.

"அப்பா, மூச்சு முட்டுது."

அப்பா திரும்பினார். மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எனக்கு முன்னால் குனிந்து, கையுறையைக் கழற்றி வாயில் கவ்விக்கொண்டு, விரலால் அந்தச் சிப்பை நிமிண்டத் தொடங்கினார். அவருடைய தலை உச்சி என் நாடிக்குக் கீழே. சவர்க்கார மணம். அப்போது பந்து அடிபட்ட சத்தம் கேட்டது. சனம் கத்தியது. "கொஞ்சம் பொறு, பொறு, சால்வை கிழியப்போகுது" என்று அப்பா என்னிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் அவருடைய தலைக்கு மேலால் எல்லாவற்றையும் பார்த்தேன். அண்ணா மூன்றாவது மூலையைச் சுற்றினார். வலப்பக்கத்துக் கடைசியிலிருந்து பந்து பறந்து வந்தது. அண்ணா நெஞ்சால் பாய்ந்தார். புழுதி. அந்தப் புழுதிக்குள் அண்ணாவின் கை வெள்ளைத் தட்டில் இருந்ததைக் கண்டேன். அதற்குப் பிறகுதான் மற்றவனின் கையுறை அவருடைய தோளில் பட்டது. அப்படித்தான் கண்டேன். அம்பயர் குனிந்து பார்த்தார். பிறகு கைவிரல்களை மடக்கி, முட்டியை மேலே தூக்கினார். அவுட்.

சிப் அந்த நேரம் விடுபட்டது. அப்பா நிமிர்ந்தார். சனம் தலையில் கைவைத்து நிற்பதைக் கண்டுவிட்டு, ஒருவருக்கும் கேட்காமல் என்னைக் கேட்டார்: "என்ன நடந்தது?"

"அவுட்டாம் அப்பா," என்றேன்.

வான் திரும்பி வரும்போது மிஞ்சிய கட்லட்டை ஒருவரும் தொடவில்லை.  அண்ணா அணியின் பஸ்சில் வந்தார். வீட்டுக்கு வந்து, கால்சட்டையின் மண்ணைக்கூடத் தட்டாமல் அறைக்குள் போய்ப் படுத்துவிட்டார்.

அடுத்த நாள் காலை முதலாவது ஆள் கதவைத் தட்டினார். பன்னிரண்டாம் மாடி அன்ரி, கையில் ஒரு பெரிய சட்டி இடியப்பம், இன்னொன்றில் சொதி. "நீங்கள் இண்டைக்கு அடுப்பு மூட்டியிருக்க மாட்டியள் எண்டு தெரியும்" என்று அம்மாவிடம் கொடுத்தா. அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். புட்டு வந்தது, மரக்கறி வந்தது, ஒரு வீட்டிலிருந்து சர்க்கரைகூடப் போடாத கோப்பி வந்தது. செத்தவீட்டுக்குப் போவதைத் தவிர வேறெந்த விதமாக ஒரு துக்கத்தை விசாரிப்பது என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியாது. வந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, சோபாவில் இருந்து, கொஞ்ச நேரம் பேசாமல் நிலத்தைப் பார்த்து, "என்ன செய்யிறது" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார்கள். போகும்போது போயிட்டு வாறம் என்று சொல்லாமல் போனவர்களும் உண்டு. அம்மா கதவைச் சாத்திவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் குசினிக்குள் ஓடிப்போனா. எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. இப்போது நினைத்தால் அந்தச் சனத்தை எல்லாம் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருக்கிறது. பேஸ்போல் என்றால் என்னவென்றே தெரியாமல், ஒரு பெடியன் தோற்றதற்காக மூன்று நாள் சமைத்துக் கொடுத்தார்களே.

புதன்கிழமை பெட்டிசம் அங்கிள் வந்தார். கையில், அந்த அவுட்டை மாற்றச் சொல்லிக் கல்லூரிக்குத் தட்டச்சு செய்த இரண்டு பக்கம். பின்னால் ஆறேழு பேர். கட்டடம் முழுக்கக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். எங்கள் வரவேற்பறையில் நின்றுகொண்டு, இங்கிலீஷை ஒவ்வொரு வசனமாகத் தமிழாக்கி வாசித்தார். அதில் ஓர் இடம் எனக்கு இன்றும் பாடம்: "ஐயம் எழுமிடத்து அதன் பலன் துடுப்பாட்டக்காரருக்கே வழங்கப்படுதல் வேண்டும் என்பது ஆட்டத்தின் தொன்மையான மரபாகும்."

அறை வாசலில் சாய்ந்துகொண்டு நின்ற அண்ணா மெல்லச் சொன்னார். "அங்கிள், அது கிரிக்கெட்."

"எந்த விளையாட்டெண்டாலும் நீதி ஒண்டுதானே தம்பி," என்றார் அங்கிள். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினார். "மாஸ்ரர், உங்கட கையெழுத்துத்தான் முக்கியம். 'அனுபவம் வாய்ந்த நடுவர், நேரில் கண்ட சாட்சி' எண்டு தனியா ஒரு கோடு போட்டிருக்கிறன்."

அப்பா பேனையை வாங்கினார். மூடியைக் கழற்றினார். கடிதத்தை முழுவதும் ஒருமுறை வாசித்தார். பிறகு பேனையைத் திரும்ப மூடி மேசையில் வைத்தார்.

"அவுட்," என்றார்.

 அங்கிள்தான் முதலில் பேசினார். "மாஸ்ரர், உங்கட சொந்தப் பிள்ளை."

"அம்பயர் நாலடி தூரத்தில நிண்டவர். அவர் சொன்னால் சொன்னதுதான். பெட்டிசம் எழுதி மாத்துற விசயமில்லை உது."

அண்ணா வாசலிலிருந்து இரண்டு அடி உள்ளே வந்தார். "அம்பயர் சொன்னதை விடுங்கோ அப்பா. நீங்கள் கண்டனீங்களோ?"

நான் தேத்தண்ணித் தட்டோடு நடுவில் நின்றேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை. அண்ணாவையும் பார்க்கவில்லை.

"கண்டனான்," என்றார். "உன்ர கை படமுன்னம் பந்து வந்திட்டுது."

 அண்ணா அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அடித்துச் சாத்தவில்லை, மெதுவாகத்தான் சாத்தினார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.  அம்மா வந்து தட்டை வாங்கிக்கொண்டா.

அதற்குப் பிறகு எங்கள் குசினி மேசையில் உப்புப் போத்தல் உப்புக்கு மட்டும் பயன்பட்டது. அப்பாவும் அண்ணாவும் என் தலைக்கு மேலால் கதைக்கப் பழகினார்கள். "அப்பாட்டைச் சொல்லு, வான் அண்ணை போன் எடுத்தவர் எண்டு." "அண்ணாட்டைச் சொல்லு, வெளியில சறுக்கும் எண்டு." இரண்டு பேரும் ஒரே மேசையில்தான் இருப்பார்கள். ஆரம்பத்தில் நானும் தபால்காரி மாதிரி பெருமையாக ஒப்புவித்தேன். பிறகு அலுத்துவிட்டது, பிறகு அழுகை வந்தது. பயிற்சியாளர் இரண்டு தரம் போன் எடுத்தும் அண்ணா அடுத்த வருடத்துக்கு அணியில் பேர் கொடுக்கவில்லை. சீருடையைத் தோய்த்து, மடித்து, காகிதப் பையில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

கல்லூரியிலிருந்து பெட்டிசத்துக்குப் பதில் வந்தது உங்களுக்குத் தெரியும். எங்கள் அணிமீது நீங்கள் காட்டும் அன்புக்கு நன்றி, அடுத்த வருடமும் அவசியம் வாருங்கள் என்று நாலு வரி. அங்கிள் அதைப் பிரதி எடுத்து எலிவேட்டருக்குள் ஒட்டினார். பதில் வந்ததே வெற்றிதான் என்பது அவருடைய கட்சி. எங்கள் வீட்டில் அதை ஒருவரும் வாசிக்கவில்லை.

நான் அப்பாவிடம் ஒருமுறை கேட்டேன். முதல் பனி கொட்டிய ஞாயிற்றுக்கிழமை, கீழே உடுப்புத் தோய்க்கும் அறையில். உலர்ந்த படுக்கைவிரிப்பை மடிக்க அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்திருந்தோம். யந்திரங்களின் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்காது என்று தைரியம்.

"அப்பா, நீங்கள் அப்ப பாக்கேல்லை. என்ர சிப்பைத்தானே எடுத்துக்கொண்டு நிண்டனீங்கள்."

அவர் விரிப்பின் இரண்டு முனைகளோடு என்னிடம் நடந்து வந்தார். முனைகளை என் கையில் தந்தார். அங்கேயே குந்தினார்.

"ஆருக்கும் சொன்னனீயோ?"

"இல்லை."

"சொல்லாதை பிள்ளை. அண்ணாட்டையும் சொல்லாதை. சொன்னால் எல்லாரும் உன்னைத்தான் பேசுவினம். உன்ர சிப்பாலதான் இவ்வளவும் எண்டு."

நான் சத்தியம் செய்து கொடுத்தேன். என்னைக் காப்பாற்றத்தான் அப்பா இந்தப் பழியைச் சுமக்கிறார் என்று நினைத்து, அன்றைக்கு அவரை உலகத்திலேயே நல்ல மனிதன் என்று நம்பினேன். இன்றும் நல்ல மனிதன்தான். ஆனால் எனக்கும் பிள்ளைகள் வளர்ந்த பிறகு அந்தக் கணக்கு வேறுமாதிரித் தெரிகிறது. அதில் பாதி எனக்காக. மீதிப் பாதி அவருக்காக. பிள்ளை இரண்டு மாதம் கெஞ்சிக் கூப்பிட்ட ஓர் ஆட்டத்துக்கு வந்து, பார்க்கவேண்டிய அந்த ஒரு நொடியைப் பார்க்கவில்லை என்று ஊருக்கு முன்னால் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பார்க்காத தகப்பன் என்பதைவிடக் கல்நெஞ்சு அம்பயர் என்ற பேர் அவருக்குச் சுலபமாக இருந்தது. அப்பா, அது பிழை. அன்றைக்கே சொல்லத் தெரியாமல் போய்விட்டது எனக்கு.

அடுத்த கோடையில் அண்ணா வேலை முடிந்து வருகிறவர்களோடு பூங்காவில் சும்மா விளையாடத் தொடங்கினார், செவ்வாய்க்கிழமைகளில். அப்பா அந்த நாளில் காலைவேலைக்கு மாற்றிக்கொண்டார். வீட்டில் சொல்லாமல் போய், கம்பிவேலிக்கு வெளியே நிற்பார். வாங்கு கிடந்தாலும் அதில் உட்கார மாட்டார். கடைசிப் பந்துவரை நின்றுவிட்டு, அண்ணா வருமுன் நடந்து வீட்டுக்கு வந்துவிடுவார். அண்ணா கண்டிருப்பார், காணாமல் எப்படி? மெல்ல மெல்ல இரண்டு பேரும் நேரடியாகக் கதைக்கத் தொடங்கினார்கள். கார், காலநிலை, கடன், கலியாணம் எல்லாம் பேசினார்கள். பேஸ்போலை மட்டும் தொடவே இல்லை. அப்படியே முப்பது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது.

இனி, போன மாதம். அந்தச் சாப்பாட்டு மேசையில் நீங்கள் குழம்பைச் சிந்திக்கொண்டிருந்தபோது அண்ணா பக்கத்து மேசையில் இருந்து எல்லாவற்றையும் சிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே கார் நிறுத்துமிடத்தில் அவரைத் தனியாகப் பிடித்தேன். ஏன் அன்றைக்கு மட்டும் அடக்க முடியவில்லை என்று தெரியாது. அப்பாவுக்கு எண்பத்துமூன்று ஆகிவிட்டது, அதுவாக இருக்கலாம்.

"அண்ணா, ஒண்டு சொல்லவேணும். அண்டைக்கு அப்பா பாக்கேல்லை. என்ர சிப் இறுகிப்போச்சு. அதைத்தான் குனிஞ்சு எடுத்துக்கொண்டு நிண்டவர்."

அண்ணா கார்ச் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னார். "தெரியும்."

"எப்பிடி?"

"விழுந்த உடன நான் அம்பயரைப் பாக்கேல்லை. உங்களைத்தான் பாத்தனான். எல்லாரும் தலையில கைவச்சுக்கொண்டு நிக்கினம். நீ வாங்கில ஏறி நிக்கிறாய். அப்பான்ர முதுகு மட்டும்தான் தெரிஞ்சது."

"அப்ப ஏன் எல்லாருக்கும் முன்னால கேட்டனீங்கள்?"

"பாக்கேல்லையடா தம்பி எண்டு ஒரு சொல்லுச் சொல்லுவார் எண்டு நினைச்சன். சொல்லியிருந்தால் அதோட முடிஞ்சிருக்கும். கண்டனான் எண்டாரே."

 அவரைத் தேற்றுவதற்கு என்னிடம் ஒன்றுதான் இருந்தது. "நான் கண்டனான் அண்ணா. நீங்கள் சேஃப். கை தட்டில பட்ட பிறகுதான் அவன் தொட்டவன்."

அண்ணா வாய்விட்டுச் சிரித்தார். "இல்லையடி. அவுட். கை தட்டுக்கு ரெண்டு விரல் இப்பால நிண்டது. அவன் தோளில தொட்டதும் தெரிஞ்சது. என்ர கை எங்க நிண்டது எண்டு எனக்குத் தெரியாதோ?"

"பிறகேன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"ஊரே இடியப்பத்தோட வந்து அழுகுது. நான் என்னெண்டு சொல்லுறது?"

ஆக, உங்கள் கேள்விக்குப் பதில் அதுதான். அவுட். கட்சி மாறிய இரண்டு பேரும் இனித் தலை நிமிர்ந்து நடக்கலாம். நான் கண்ட கை தங்கச்சிக் கண் கண்ட கை. எங்கள் வீட்டில் பார்த்தவள் பிழையாகச் சொன்னாள், பார்க்காதவர் சரியாகச் சொன்னார், உண்மை தெரிந்தவர் பேசாமல் இருந்தார்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் அண்ணா ரூஜ் பகுதியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார். அப்பா எங்களோடுதான் இருக்கிறார். வழக்கம்போலத் தொலைக்காட்சியில் பேஸ்போல் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது சந்தேகம் வந்தால் நாலு பக்கத்தாலும் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுகிறார்களே, அப்பாவுக்கு அது பிடிப்பதில்லை. அண்ணா அவருக்குப் பக்கத்தில் இருந்தார்.  நான் குசினிக் கதவடியில் நின்றேன்.

"அப்பா," என்றார் அண்ணா. "அண்டைக்கு ஒஷாவாவில நான் அவுட்தான். நீங்கள் சொன்னது சரி."

அப்பா சத்தத்தை நிறுத்தினார். அப்பவே சொன்னனான் என்று சொல்வார் என்று காத்திருந்தேன். அதைச் சொல்லாமல் விடுகிற ஆள் இல்லை அவர். அவர் தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் பாக்கேல்லை தம்பி," என்றார்.

"தெரியும் அப்பா."

அப்பா தலையை ஆட்டினார். ஏதோ ஒன்றை நன்றாக யோசித்து முடிவு சொல்கிற மாதிரி நேரம் எடுத்துக்கொண்டார்.

"பாத்திருந்தால், சேஃப் எண்டுதான் சொல்லியிருப்பன்."

"அம்பயர் அவுட் எண்டு கையைத் தூக்கின பிறகோ?"

"ஓம்," என்றார் அப்பா. "அதுக்குப் பிறகும்."